முத்துக்குளித்தவரின் மாத்திரை டப்பா

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதன்பின் தொலையிரம் பார் முதலான பார்களில், அதாவது கடலடிச் சிப்பித் திட்டுகளில், குளிப்பு நடத்தும் அளவுக்குச் சிப்பி சேரவில்லை. அந்த ஆண்டு, கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலூன்றி மூச்சடக்கி இறங்கிய இருபது வயதுப் பையன்களில் யாரேனும் இன்றும் இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார்கள். ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியை வலைப்பையில் அள்ளிக்கொண்டு கயிற்றை அசைக்க வேண்டும். மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். இதைத் தன் உடம்பால் அறிந்த ஒருவர் இந்தக் கரையில் புதிதாக உருவாகப் போவதில்லை. அவர்கள் மனதில் இருப்பதுதான் கடைசிப் பிரதி.

அப்படி ஒரு தாத்தாவை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். குறிப்பிட்ட ஒருவர் என்றில்லை. புன்னைக்காயலிலோ மணப்பாட்டிலோ திரேஸ்புரத்திலோ எந்தத் தெருவிலும் பார்க்கக்கூடிய, பெரிய நோய் எதுவும் இல்லாத எண்பது வயதுக்காரர். கடலில் எங்கே நின்றால் பனிமய மாதா கோயில் கோபுரம் எதற்கு நேராக வரும், எந்தக் காற்றுக்குப் படகு எந்தப் பக்கம் இழுக்கும் என்று இன்றைக்கும் கை நீட்டிச் சொல்வார். ஆனால் காலையில் மாத்திரை போட்டோமா என்பது அவருக்குத் தெரியாது. டப்பாவைத் திறக்கப் போகும்போது மருமகள் பார்த்துவிட்டு, “மாமா, இப்பந்தான போட்டிய” என்கிறாள். அவள் பார்க்காத நாட்களில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வீட்டில் இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேச்சு வரும். வயசானா அப்படித்தான் என்பார்கள் சிலர். மறதி நோய் வந்துவிட்டதோ என்று பயப்படுவார்கள் சிலர். இந்திய முதியவர்களிடம் நாடு தழுவி நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாகக் கணித்தது. அது சிறிய எண்ணிக்கை ஆகாது. சுமார் 88 லட்சம் பேர். ஆனாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்கு மேல் அந்த நோய் இல்லை என்பதும் அதே கணக்குதான். அந்தத் தொண்ணூற்றிரண்டு பேரிலும் மறதி பற்றிக் குறைபட்டுக்கொள்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம். ஜன்னல் விளிம்பில் இருக்கும் அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவில், மாத்திரை அட்டைகளுக்கு நடுவே அது கிடக்கலாம்.

ஆரோக்கியமான ஒரு முதியவரின் நினைவாற்றலைக் கூட்டித் தரும் என்று உறுதியாகச் சொல்லத்தக்க மருந்து இன்றுவரை மருத்துவத்தின் கையில் இல்லை. குறைக்கிற மருந்துகள் பல இருக்கின்றன, அவை குறைக்கும் விதமும் அரை நூற்றாண்டாகத் தெரியும். ஆனால் கடைக்குப் போகிறவர்கள் கேட்பதெல்லாம் கூட்டும் மருந்தைத்தான்.

குறைக்கும் விதத்தைப் புரிந்துகொள்ள ஒரு கடல் குதிரையிலிருந்து தொடங்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் வலை வீசுகிறவர்களுக்குக் கடல் குதிரையைத் தெரியும். வேண்டாமல் வலையில் ஏறும். 16ஆம் நூற்றாண்டில் போலோஞா நகரத்து உடற்கூற்று ஆசிரியர் ஒருவர், அரான்ஸியோ என்று பெயர், மனித மூளையைப் பிளந்து பார்த்தபோது காதுக்கு உட்புறமாகச் சுருண்டு கிடந்த ஒரு பகுதி அவருக்குக் கடல் குதிரையைப் போலத் தோன்றியது. 1587இல் வெளிவந்த நூலில் அதற்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர் வைத்தார். கடல் குதிரைக்கான கிரேக்கச் சொல் அது. அதற்கு என்ன வேலை என்று தெரியாமல் வைத்த பெயர்.

வேலை என்னவென்று தெளிவானது 1953க்குப் பிறகு. அமெரிக்காவில் கடுமையான வலிப்பு நோயால் வதைபட்ட 27 வயது இளைஞர் ஒருவருக்கு மூளையின் இரண்டு பக்கமும் அந்தக் கடல் குதிரைகளின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. காலையில் பேசிய மருத்துவரை மத்தியானம் அவருக்கு அடையாளம் தெரியாது. இளம் வயதில் நடந்தவையோ பெரும்பாலும் அப்படியே இருந்தன. எச்.எம். என்ற இரண்டு எழுத்துகளால் அறியப்பட்ட அவர் 2008இல் இறக்கும்வரை அப்படியே வாழ்ந்தார். பழையதைக் காப்பதும் புதியதைப் பதிவதும் வேறு வேறு வேலைகள் என்பதை உலகம் அவரிடமிருந்து கற்றுக்கொண்டது.

நம் தாத்தாவுக்கு மூளை அறுவை எதுவும் நடக்கவில்லை. ஆனால் அவருடைய மறதியும் ஏறக்குறைய அந்த வடிவத்தில்தான் இருக்கிறது. 1961 பத்திரமாக இருக்கிறது, இன்று காலை எட்டு மணி இல்லை. இந்த வடிவத்தை ஒரு மாத்திரையாலும் உண்டாக்க முடியும்.

எப்படி என்று பார்க்க அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளிடம் போக வேண்டும். நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் வழிகளில் அதுவும் ஒன்று. அதைக் கண்டுபிடித்த கதையே மறதியைப் பற்றிய கதைதான். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருந்த ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஓர் இரவு கனவில் ஒரு சோதனையைக் கண்டார். பாதித் தூக்கத்தில் எழுந்து துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். விடிந்து பார்த்தால் எழுத்தும் புரியவில்லை, கனவும் நினைவில் இல்லை. அன்று முழுவதும் தவித்திருக்கிறார். அடுத்த இரவு அதே கனவு திரும்ப வந்தது. இந்த முறை காகிதத்தை நம்பாமல் நேராக ஆய்வுக்கூடத்துக்கு ஓடி, இரண்டு தவளை இதயங்களை வைத்துச் செய்து பார்த்துவிட்டார். ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த உப்பு நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டால், தூண்டப்படாத அந்த இதயமும் மெதுவாகியது. நீரில் ஏதோ கரைந்திருக்கிறது. 1921இல் அதை வெளியிட்டார்; 1936இல் ஹென்றி டேல் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். கரைந்திருந்தது அசிட்டைல்கோலின்.

இதயத்தை மெதுவாக்குவது மட்டும் அதன் வேலை என்று எண்ண வேண்டாம். எச்சில் சுரப்பது, குடல் அசைவது, சிறுநீர்ப்பை சுருங்குவது, கண்மணி ஒடுங்குவது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. மூளையின் அடிப்பகுதியில் ஒரு சிறு செல் கூட்டம் இருக்கிறது. அங்கிருந்து கடல் குதிரைக்கும் மூளையின் மேற்பரப்புக்கும் அசிட்டைல்கோலின் போய்க்கொண்டே இருந்தால்தான் கவனம் நிற்கும், கவனம் நின்றால்தான் புதியது பதியும்.

இந்த வழியை அடைக்கும் பொருள் எங்கிருந்தோ வரவேண்டியதில்லை. தூத்துக்குடியில் ரயில் பாதை ஓரத்திலும் காலி மனையிலும் வெள்ளை எக்காளம் போலப் பூத்து முள்ளுருண்டையாகக் காய்க்கும் ஊமத்தையில் இருக்கிறது. அட்ரோபின், ஸ்கோபோலமின் என்ற இரண்டும் அதன் விதையிலும் இலையிலும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வழிப்போக்கர்களுக்குச் சாப்பாட்டில் ஊமத்தை விதையைக் கலந்து கொடுத்துக் கொள்ளையடிக்கும் கூட்டங்கள் இந்தியாவில் இருந்தன. நார்மன் செவர்ஸ் என்ற மருத்துவர் கல்கத்தாவில் 1856இல் வெளியிட்ட சட்ட மருத்துவ நூலில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். திருடர்களுக்கு அதில் இரட்டை ஆதாயம்: பறிகொடுத்தவர் மயங்கியும் கிடப்பார், பிழைத்து எழுந்தாலும் நடந்ததைச் சொல்ல முடியாமல் திணறுவார்.

அதே ஸ்கோபோலமினை, ஹையோசின் என்ற இன்னொரு பெயரில், மருத்துவமும் எடுத்துக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃபிரைபர்க் மருத்துவமனையில் பிரசவத்துக்கு மார்பினோடு சேர்த்துக் கொடுத்தார்கள். வலியில் கத்திய பெண்கள் மறுநாள் எழுந்து, வலியே தெரியவில்லை என்றார்கள். வலி இருந்தது, பதியவில்லை. இரண்டாம் உலகப் போரில் கப்பலேறிய படைவீரர்களுக்குக் குமட்டல் வராமல் இருக்க ஹையோசின் மாத்திரை தந்தார்கள். இன்றும் கடற்பயணக் குமட்டலுக்குக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஹையோசின் பட்டை வெளிநாடுகளில் கிடைக்கிறது. முதியவர்கள் அதை ஒட்டிக்கொண்டால் குழப்பம் வரலாம் என்ற எச்சரிக்கையோடுதான் கிடைக்கிறது.

1974இல் டேவிட் டிராக்மன், ஜேனட் லெவிட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். நோய் எதுவும் இல்லாத இளைஞர்களுக்கு ஸ்கோபோலமின் கொடுத்து நினைவுச் சோதனை வைத்தார்கள். சில எண்களைச் சொல்லி உடனே திருப்பிச் சொல்லச் சொன்னால் சொல்லிவிட்டார்கள். நீளமான பட்டியலைக் கற்று மனதில் தேக்கி வைக்கச் சொன்னால் தடுமாறினார்கள். மருந்து எதுவும் போடாத முதியவர்களின் சோதனைத் தாளோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றுபோல இருந்தன. இருபது வயதுக்காரரின் நினைவை ஓர் ஊசியால் சில மணி நேரத்துக்கு எழுபது வயதுக்கு நகர்த்த முடிந்தது. மருந்து இறங்கியதும் பழைய நிலை வந்துவிட்டது. நினைவு குறித்த வேதியியலில் இதைவிட என்னைப் பாதித்த சோதனை வேறில்லை. இருபது வயதில் அது செய்ததை, ஏற்கெனவே எண்பது வயதில் இருப்பவரிடம் செய்தால் எங்கே கொண்டுபோய் நிறுத்தும்?

அதைத்தான் நாம் அன்றாடம், தெரியாமல், செய்துகொண்டிருக்கிறோம். தாத்தாவின் டப்பாவில் ஊமத்தை இல்லை. ஆனால் அதே வழியை ஓரளவு அடைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. மெடிக்கலில் சளிக்கு என்று கேட்டால் தரும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கிறது. அரிப்புக்குப் போடும் பெனிரமின், ஹைட்ராக்சிசின். இருமல் சிரப் சிலவற்றில் டைபென்ஹைட்ரமின். வயிற்றைப் பிசைந்தால் போடும் டைசைக்ளோமின். கால் எரிச்சலுக்கும் நரம்பு வலிக்கும் எழுதித் தரும் அமிட்ரிப்டிலின். சிறுநீர் அடக்க முடியாதவர்களுக்குத் தரும் ஆக்சிபியூட்டினின். ஒவ்வொன்றும் வேறு வேறு நோய்க்கு, வேறு வேறு டாக்டரிடமிருந்தோ டாக்டரே இல்லாமலோ வந்தது. வயிற்றுக்குள் போனதும் எல்லாம் ஒரே வாசலில் போய் நிற்கின்றன. ஒன்று மட்டும் இருந்தால் தாங்கிக்கொள்ளும் உடம்பு, மூன்று சேர்ந்தால் தள்ளாடும். இந்தக் கூட்டுச் சுமையை அளக்க மருத்துவர்களிடம் அளவுகோல்களே இருக்கின்றன. ஒவ்வொரு மருந்துக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் கொடுத்துக் கூட்டிப் பார்ப்பார்கள்.

வெளியே தெரியும் தடயமும் உண்டு. மறதியோடு கூடவே வாய் உலர்ந்துபோகிறது, மலச்சிக்கல், கண் மங்கல், சிறுநீர் இறங்கத் தாமதம் என்று தாத்தா சொன்னால், அத்தனையும் அசிட்டைல்கோலின் போய்ச் சேராத இடங்கள். இவை ஒன்றாக வந்தால் டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும்.

முதியவர் உடம்பு மருந்தை வைத்திருக்கும் விதமும் வேறு. ஈரலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது, சிறுநீரகம் வடிகட்டும் வேகம் தணிகிறது, தசை இளைத்துக் கொழுப்பின் பங்கு கூடுகிறது. கொழுப்பில் கரையும் மருந்து அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் டயசிபாமை வைத்து 1975இல் ஒரு கணக்கு எடுத்தார்கள். உடம்பில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய 20 வயதில் சுமார் 20 மணி நேரம் ஆனது. 80 வயதில் சுமார் 90 மணி நேரம். தினமும் ஒன்று போட்டால் நேற்றையதும் முந்தாநாளையதும் இன்றையதோடு சேர்ந்து நிற்கின்றன என்று அர்த்தம்.

டயசிபாம், அல்பிராசோலம், குளோனசிபாம் குடும்பம் போய் நிற்பது வேறு வாசலில். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் கையை அவை ஓங்கச் செய்கின்றன. ஆனால் விளைவு ஒத்துப்போகிறது: மாத்திரை போட்ட பிறகு நடந்தது பதியாது, முன்பு நடந்தது இருக்கும். இரவு பத்து மணிக்கு மகன் கொழும்பிலிருந்தோ துபாயிலிருந்தோ போன் பேசுவான். அப்பா தெளிவாகத்தான் பேசுவார். காலையில், “அவன் போனே பண்ணலியே” என்பார். பொய்யும் இல்லை, புத்தி பேதலிப்பும் இல்லை.

இதில் ஒரு சுழி இருக்கிறது, கடலில் போகிறவர்கள் சுழியை அறிவார்கள். மாத்திரை போட்டதை மாத்திரையே மறக்கச் செய்கிறது. போடவில்லை என்று நினைத்து இன்னொன்று போடுகிறார். மறதி கூடுகிறது. மறதி கூடியதால் தூக்கம் கெடுகிறது என்று சொல்லி இன்னொரு மாத்திரை சேர்கிறது. 2014 மார்ச் முதல் அல்பிராசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் போன்றவை மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் சரி. ஆனால் எப்போதோ எழுதிய பழைய சீட்டை நீட்டித் திரும்பத் திரும்ப வாங்குவதை நம் எல்லாத் தெருக்களிலும் பார்க்கிறோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். நெடுநாள் போட்ட தூக்க மாத்திரையை இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்தக் கூடாது. திடீரென்று விட்டால் நடுக்கம், தூக்கமே வராத நிலை, சிலருக்கு வலிப்புகூட வரும். டாக்டர் சொல்படி வாரக் கணக்கில், மாதக் கணக்கில், சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டிய மருந்து அது.

அன்றாட மறதி ஒருபுறம் இருக்கட்டும். இந்த மருந்துகளை ஆண்டுக்கணக்கில் எடுத்தால் டிமென்ஷியாவே வருமா? அமெரிக்காவின் சியாட்டிலில் 65 வயது தாண்டிய 3,434 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், அசிட்டைல்கோலினைத் தடுக்கும் வலுவான மருந்துகளை அதிகம் எடுத்தவர்களிடம் டிமென்ஷியா அதிகமாக இருந்தது. 2019இல் பிரிட்டனில் 58,769 நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஒப்பீட்டிலும் சிறுநீர்ப்பை மருந்து, மனச்சோர்வு மருந்து, பார்க்கின்சன் மருந்து முதலியவற்றோடு அந்தத் தொடர்பு தெரிந்தது. சளி, அரிப்பு மருந்துகளோடு தெரியவில்லை.

தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது. கடலில் பறவைகள் கூட்டமாக வட்டமிட்டால் கீழே மீன் இருக்கிறது என்று படகைத் திருப்புவார்கள். பறவைதான் மீனைக் கொண்டுவந்தது என்று எந்த மீனவரும் சொல்வதில்லை. டிமென்ஷியா வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தூக்கம் கெடும், மனம் சோரும், சிறுநீர் அடங்காது. அவற்றுக்காகத்தான் மருந்து எழுதப்படுகிறது. அப்படியானால் நோய்தான் மருந்தை அழைத்து வந்ததோ என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. எனக்கு அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று படுகிறது. இன்றைய மறதிக்கு மருந்து காரணமாக முடியும் என்பது சோதனையில் நிலைநின்ற உண்மை. அதற்காக மட்டுமே டப்பாவைத் திறந்து பார்க்கலாம்.

இனி, கூட்டும் மருந்து என்று விற்கப்படுபவை.

இந்தக் கடலோடு உறவுள்ள ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். காற்று மாறும் காலத்தில் வலை நிறையச் சொறி என்னும் ஜெல்லிமீன் ஏறும். கையில் பட்டால் தடித்துவிடும். அதன் உறவான ஓர் இனம் அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் இருக்கிறது, இருட்டில் விளிம்பு மினுங்கும். ஒசாமு ஷிமோமுரா என்ற ஜப்பானிய விஞ்ஞானி அந்தச் சொறிகளை ஆயிரக்கணக்கில் பிடித்து அரித்து, 1962இல் ஈக்குவோரின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார். கால்சியம் பட்டால் நீல ஒளி விடும் புரதம். கூடவே கிடைத்த பச்சை ஒளிப் புரதம் உயிரியலையே மாற்றி, 2008இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. அற்புதமான அறிவியல்.

அந்த ஈக்குவோரினின் ஒரு வடிவத்தை மாத்திரையில் அடைத்து, நினைவைக் கூட்டும் என்று அமெரிக்காவில் பிரிவஜன் என்ற பெயரில் விற்றார்கள். நிறுவனமே நடத்திய சோதனையில் 218 பேர் கலந்துகொண்டார்கள். மொத்தமாகப் பார்த்தபோது வெறும் மாத்திரை போட்டவர்களுக்கும் இதைப் போட்டவர்களுக்கும் வித்தியாசம் நிலைநிற்கவில்லை. பிறகு ஆட்களைச் சிறு சிறு பிரிவாகக் கூறுபோட்டு, எங்கோ ஒரு பிரிவில் தென்பட்ட முன்னேற்றத்தை விளம்பரமாக்கினார்கள். முப்பது இடத்தில் தூண்டில் போட்டால் ஓர் இடத்தில் எதேச்சையாக ஏதாவது மாட்டும். 2017இல் அமெரிக்க வணிக ஆணையமும் நியூயார்க் மாநிலமும் வழக்குத் தொடுத்தன. 2024 டிசம்பரில் நீதிமன்றம் அந்த நினைவாற்றல் விளம்பரங்களுக்குத் தடை விதித்தது. வழக்குக்குப் போகாமலே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வாய்வழி போகும் புரதம், சாளை மீனானாலும் பருப்பானாலும், குடலில் அமினோ அமிலங்களாக உடைகிறது. சொறியின் புரதம் மட்டும் எப்படி முழுசாக மூளைக்குப் போகும்?

நம் பக்கத்துப் பச்சிலை நீர்ப்பிரமி. ஈரமான வாய்க்கால் ஓரங்களில் தரையோடு படரும், சதைப்பற்றான சின்ன இலை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகள் அதை ஆராய்ந்து, பாகோசைடு என்ற பொருட்களைப் பிரித்தது. 2008இல் அமெரிக்காவில் 65 வயது தாண்டிய 54 ஆரோக்கியமானவர்களை வைத்து ஒரு சோதனை. 2010இல் ஆஸ்திரேலியாவில் 55 தாண்டிய 98 பேரை வைத்து இன்னொன்று. இரண்டிலும் தினம் 300 மில்லிகிராம் சாறு, 12 வாரம். கேட்ட சொற்களைச் சிறிது நேரம் கழித்துத் திருப்பிச் சொல்வதில் நீர்ப்பிரமி எடுத்தவர்கள் கொஞ்சம் முன்னேறினார்கள். சிலருக்கு வயிறு கலக்கியது, குமட்டியது. நேர்மையாக நடந்த சோதனைகள் என்பதால் இதை மதிக்கிறேன். ஆனால் ஆட்கள் சில டஜன், காலம் மூன்று மாதம். அன்றாட வாழ்க்கையில் மறதி குறைந்ததா, டிமென்ஷியா தள்ளிப்போகுமா என்பதற்கு அவை பதில் சொல்லவில்லை. வல்லாரைக்கு இந்த அளவுச் சான்றுகூட இல்லை. துவையலாகச் சாப்பிடுங்கள், கீரை நல்லது.

ஜின்கோ இலைச் சாறு உலகெங்கும் விற்கிறது. 75 வயது தாண்டிய 3,069 பேரை வைத்து ஏறத்தாழ ஆறாண்டு சோதித்தார்கள். பலன் இல்லை. தினம் சிறு அளவு ஆஸ்பிரின் போட்டால் மூளைக்கு நல்லது என்ற நம்பிக்கையை ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 ஆரோக்கியமான முதியவர்களிடம் சோதித்தார்கள். 2018இல் வந்த முடிவு: டிமென்ஷியா குறையவில்லை, ரத்தக்கசிவு கூடியது. ஏற்கெனவே மாரடைப்போ ஸ்டென்ட்டோ உள்ளவர்கள் இதைப் படித்து ஆஸ்பிரினை நிறுத்திவிடக் கூடாது. அது வேறு கணக்கு. சத்து மாத்திரைக்கு மட்டும் சிறு வெளிச்சம் இருக்கிறது. 3,500க்கும் மேற்பட்ட அமெரிக்க முதியவர்களை வைத்து 2023இல் வந்த சோதனையில், பலவகை வைட்டமின்கள் கலந்த மாத்திரை எடுத்தவர்கள் சொல் பட்டியல் சோதனையில் சற்றே மேலாக இருந்தார்கள்.

நினைவுக்கு உதவுகிற மாத்திரை இந்தக் கரையின் வீடுகளில் ஏற்கெனவே இருக்கலாம், வேறு பெயரில். உப்பளத்து ஊர் இது. கருவாடு இல்லாத சோறு சோறே இல்லை என்பவர்கள் வாழும் கரை. ரத்த அழுத்தம் இங்கே வீட்டுக்கு வீடு. 2019இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், அழுத்தத்தை 140க்குக் கீழே வைத்தவர்களைவிட 120க்குக் கீழே வைத்தவர்களுக்கு நினைவுக் குறைவின் தொடக்க நிலை வருவது சுமார் 19 சதவீதம் குறைந்தது. டிமென்ஷியா குறைந்ததா என்பது அதில் உறுதிப்படவில்லை. 120 எல்லா முதியவருக்கும் ஏற்ற இலக்கும் இல்லை, தலைசுற்றி விழுந்துவிடுவார்கள். இருந்தாலும் நினைவாற்றல் மாத்திரை என்று விளம்பரப்படுத்தும் எதைவிடவும் பிரஷர் மாத்திரைக்கு வலுவான சான்று இருக்கிறது. கொலஸ்டிரால் மாத்திரை மறதி தரும் என்ற பேச்சும் கிளம்பியது. 20,000க்கும் மேற்பட்டோரிடமும் 70 முதல் 82 வயது வரையிலான 5,804 பேரிடமும் நடந்த இரண்டு பெரிய சோதனைகளில் அது உறுதிப்படவில்லை. பயந்து நிறுத்த வேண்டியதில்லை.

சுகர் மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அது பெரிய காரியம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நல்ல மருந்து. ஆனால் ஆண்டுக்கணக்கில் எடுக்கும் சிலருக்கு உணவிலிருந்து வைட்டமின் பி12 உடம்பில் சேர்வது குறையும். நெஞ்செரிச்சலுக்கு என்று வருடக்கணக்கில் போடும் கேஸ் மாத்திரை, ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல், அதை இன்னும் குறைக்கும். பி12 குறைந்தால் கால் மதமதக்கும், மறதியும் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஊசியிலோ மாத்திரையிலோ சரி செய்யலாம். கண்டுபிடித்தால் திருப்ப முடிகிற மறதிகளில் இதுவும் ஒன்று. மீன் தின்கிற வீடு, நமக்கு வராது என்று இருந்துவிட வேண்டாம். சாப்பாட்டில் இருப்பதை உடம்பு எடுத்துக்கொள்ள முடியாததுதான் இங்கே சிக்கல்.

அப்படியானால் என்ன செய்வது? டப்பாவை அப்படியே ஒரு பையில் கொட்டுங்கள். பாதி குடித்த இருமல் சிரப், பக்கத்து வீட்டு அக்கா தந்த மாத்திரை, நாட்டு மருந்துக் கடைச் சூரணம், கண் சொட்டு மருந்து, ஒன்றும் விடாமல். டாக்டர் மேசையில் வையுங்கள். மறதி எப்போது ஆரம்பித்தது, எந்த மாத்திரை எப்போது சேர்ந்தது என்று ஒரு காலண்டர் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இரண்டு தேதியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் டாக்டருக்கே புரியும். அரிப்புக்கும் தும்மலுக்கும் மூளைக்குள் அதிகம் போகாத பெக்ஸோபெனடின், லொராடடின் போன்ற மாற்றுகள் உண்டு. சிறுநீர்ப்பைக்கும் உண்டு. தூக்கத்துக்கு, பகல் தூக்கத்தைக் குறைப்பதும் மாலைக் காபியை விடுவதும் மாத்திரைக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை. மருந்தைக் குறைத்த எல்லோருக்கும் நினைவு திரும்பி வந்துவிடாது. அடியில் உண்மையான நோய் இருந்தால் அது இருக்கத்தான் செய்யும். ஆனால் மருந்தின் மப்பு விலகினால்தான் அடியில் என்ன இருக்கிறது என்பதே தெரியும், கலங்கல் தெளிந்த பிறகு பாரைப் பார்ப்பது போல.

டப்பாவிலிருந்து நேராக எடுத்துப் போடும் பழக்கத்தையும் மாற்றலாம். கிழமை எழுதிய ஏழு அறைப் பெட்டி மெடிக்கலிலேயே கிடைக்கிறது. செவ்வாய்க்கிழமை அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று. தாத்தாவுக்கு மருமகளைக் கேட்க வேண்டியதில்லை, கேட்டுச் சங்கடப்படவும் வேண்டியதில்லை.

இந்தக் கரையின் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் சிலர் பழைய கடல் கதைகளைப் பதிவு செய்ய ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு வீடாகப் போகிறார்கள். எந்தப் பாருக்கு எந்தக் கோபுரம் நேர், 1961இல் சிப்பிக் குவியல் கரையில் எந்த இடத்தில் கிடந்தது என்றெல்லாம் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முற்பகலில் போங்கள், வயதானவர்களில் பலருக்கு அதுதான் தெளிவான வேளை. வாசலில் மருமகளைப் பார்த்தால், தாத்தா நேற்று ராத்திரி என்ன மாத்திரை போட்டார் என்று முதலில் கேளுங்கள். அதன் பெயரையும் நோட்டில் குறித்துக்கொண்டு அப்புறம் உள்ளே போய் உட்காருங்கள்.